பினாங்கு மலைக்கு அப்பத்தாவுடன்

செட்டிநாட்டுக்காரர்களுக்கு மலேசியாவின் பினாங்கு வெளிநாடாகவே தோன்றாது. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பினாங்குத் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கூடம்) அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜென்ட்டுக்கு உதவியாளராக, இருந்தவர். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் இறங்கியதுமே கிட்டங்கியையும் தண்ணீர்மலைக் கோயில் முருகனையும் பார்க்க வேண்டும் என்றார் அப்பத்தா. பினாங்கு மலை உச்சிக்குப் போகும் ரயில் என்னுடைய ஆசை. "பழனி விஞ்ச் மாதிரிதானே, அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் 204 எண் பஸ்ஸில் ஏறினார்.

டிக்கெட் கவுன்ட்டரில் வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைவிட இரு மடங்குக்கும் மேல் கட்டணம். "உங்கள் ஐயா இந்த ஊரில் பாதி ஆயுசைக் கழித்தவர், நமக்கும் உள்ளூர் விலைதான்" என்று வாதாடத் தயாரானவரை அழைத்துப் போய்ப் பெட்டியில் உட்கார வைத்தேன்.

அப்பத்தா சொன்னது சரிதான், விஞ்ச்சின் தத்துவமேதான் இங்கும். ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும் பாரம் மற்றொன்றை மேலே இழுக்கிறது, மிச்சத்தை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. ஒற்றைத் தண்டவாளம் நடுவழியில் மட்டும் இரண்டாகப் பிரிகிறது. எதிரே வரும் பெட்டி நேராக நம் மீது மோத வருவதுபோலத் தோன்றி, கடைசி நொடியில் விலகிப் போகும். அந்த நேரத்தில் அப்பத்தா என் கையைப் பிடித்த பிடி பழனி விஞ்ச்சில் பிடித்ததைவிடப் பலமானது. கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் பாதை, இடையே செங்குத்தான ஒரு சுரங்கம்.

ரயில் வருவதற்கு முன் வெள்ளைக்கார துரைமார்கள் டோலியில்தான் மலையேறினார்கள். முதல் ரயில் முயற்சி தோற்றுப்போய், 1923-ல்தான் இந்தப் பாதை ஓடத் தொடங்கியது. அப்போது பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும், அரை மணி நேரம் ஆகுமாம். 2011-ல் திறந்த புதிய ரயில் பத்து நிமிடத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. எனக்கு இது குறையாகவே பட்டது. காட்டு மரங்களைக் கண் நிறையப் பார்ப்பதற்குள் மேலே வந்துவிடுகிறோம். பழைய பெட்டி ஒன்றை உச்சியில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் மர வேலைப்பாட்டை அப்பத்தா தடவிப் பார்த்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் எந்த ஊருக்குப் போனாலும் மரத்தைத் தட்டிப் பார்க்காமல் வரமாட்டார்கள்.

உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 700 மீட்டருக்கும் அதிகம். கொடைக்கானல் குளிரை எதிர்பார்த்துச் சால்வை கொண்டு போகாதீர்கள். கீழே இருக்கும் புழுக்கம் நான்கைந்து டிகிரி குறையும், அவ்வளவுதான். ஜார்ஜ் டவுனும் கடலும் பினாங்குப் பாலமும் தெரிந்தன. கடைகளைச் சீக்கிரம் கடந்துவிட்டோம். முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கோயிலில் அப்பத்தா நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இருட்டிய பிறகு நகரத்தின் விளக்குகளைப் பார்க்கத்தான் பலரும் காத்திருக்கிறார்கள். அதனால் இறங்கும் வரிசையும் அப்போதுதான் நீளும். நாங்கள் வெயில் சாய்வதற்குள்ளேயே கிளம்பிவிட்டோம். தண்ணீர்மலையில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அப்பத்தாவின் கட்டளை.