"புரிஞ்சுதா?" என்று கேட்டுக் கெட்டேன்

வகுப்பு 40 நிமிடம். ஆசிரியர் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போய் நான் எடுத்த முதல் வகுப்பு 22 நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டது.

முந்தின நாள் இரவு வெகுநேரம் உட்கார்ந்து எழுதிய பாடக்குறிப்பு அது. அறிமுகம் 5 நிமிடம், விளக்கம் 25, மதிப்பீடு 10 என்று பங்கு போட்டு வைத்திருந்தேன். பயத்தில் பேசினால் வாய் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறாம் வகுப்பு, கணக்கு, தசம எண்கள். கரும்பலகையில் நான் எழுதிய வரி மலையேறுவது போல வலது பக்கம் ஏறிக்கொண்டே போனது, அதைப் பார்த்து இரண்டு பேர் தலையைச் சாய்த்துப் படித்தார்கள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது சார்!" என்று கூரை அதிர ஒரே குரல். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியை எழுந்து வந்தார். "சார், நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாமா?" என்றார் (ஸ்டாஃப் ரூமில் நான் அவருக்குத் தம்பி, பிள்ளைகள் முன்னால் மட்டும் சார்). பலகையில் 0.35, 0.4 என்று இரண்டு எண்களை எழுதி, எது பெரியது, கை தூக்குங்க என்றார். பாதிக்கு மேற்பட்ட கைகள் 0.35க்குத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "4 விட 35 பெருசு மிஸ்" என்று ஒரு பெண் சாதாரணமாகச் சொன்னாள். அவள் மேல் தப்பே இல்லை. அதுவரை அவள் பார்த்த எண்கள் எல்லாம், இலக்கம் கூடினால் பெரிசாகத்தானே ஆகியிருக்கின்றன?

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. 1960களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த முறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, சின்னக் குழுவுக்குச் சில நிமிடம் நடத்தி, குறைகளைக் கேட்டுக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். நல்ல முறைதான். ஆனால் எங்களுக்கு மாணவர்களாக உட்கார்ந்தது கூடப் படிக்கிறவர்கள். அடுத்து அவர்கள் முறை வரும்போது நானும் ஒத்துழைக்க வேண்டுமே என்று எல்லாக் கேள்விக்கும் அழகாகப் பதில் சொல்லிவிடுவார்கள். தப்பான பதில் என்ற ஒன்றையே நான் பள்ளிக்குப் போய்த்தான் சந்தித்தேன்.

அன்று மதியம் ஆசிரியை ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நான் கேட்ட 14 கேள்விகளும், ஒவ்வொன்றுக்கும் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பதும் அதில் இருந்தன. பெரும்பாலும் ஒரு விநாடி. சில இடங்களில் சைபர், அதாவது கேள்வியையும் கேட்டு பதிலையும் நானே சொல்லிவிட்டேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதைச் சொல்லியிருக்கிறார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பரீட்சையில் நானே இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் 38 பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு... இரண்டாவது விரலிலேயே வாய் திறந்துவிடும். இது ஓரளவு பழகவே இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் ஒரு பையன். முதல் நாளே 0.4 தான் பெரியது என்று கை தூக்கியவன், "வெரி குட்" வாங்கியவன். ஒரு வாரம் கழித்து அவன் நோட்டைத் திருத்தும்போது பார்த்தால், 0.45 விட 0.4 பெரியது என்று எழுதியிருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டேன். எண்ணினேன், மூன்று விரலும் தாண்டியது. அதற்கப்புறம் சொன்னான்: "பத்துல ஒண்ணு பெருசு, நூறுல ஒண்ணு சின்னது, நீங்கதான சார் சொன்னீங்க. இதுல நூறுல ஒண்ணு இருக்கு, அப்போ இது சின்னது." என் வாக்கியத்தையே எடுத்து அவன் ஒரு விதி செய்து வைத்திருந்தான். அந்த விதி 0.35க்குச் சரியான விடையைத் தந்தது, 0.45இல் காலை வாரிவிட்டது. சரியான விடைக்கு "ஏன்?" என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தப்பான பதில் சொன்னவர்களை மட்டும்தான் குடைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் 100 கட்டம் போட்ட தாளை எல்லோருக்கும் கொடுத்தேன். 0.4க்கு நான்கு வரிசை வண்ணம் தீட்டினால் 40 கட்டம், 0.35க்கு 35, 0.45க்கு 45. அவன் ஒரு கட்டம் விடாமல் எண்ணிவிட்டு, "அப்போ 0.4உம் 0.40உம் ஒண்ணா சார்?" என்றான். நான் பதில் சொல்லாமல் வகுப்பைப் பார்த்தேன். அன்றைக்கு மணி அடிக்கும் வரை பேசியது அவர்கள்தான். பாடக்குறிப்பில் பாதிகூட முடியவில்லை, ஆசிரியையும் ஒன்றும் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்து, பாடக்குறிப்புகள் எழுதிய ரெக்கார்டு நோட்டை ஒப்படைக்கும்போது முதல் பக்கத்தைப் புரட்டினேன். "மாணவர்கள் தசம எண்களை ஒப்பிடுவர்" என்ற நோக்கத்துக்கு எதிரே "நோக்கம் நிறைவேறியது" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை நான் எழுதியது வகுப்புக்கு முந்தின நாள் இரவு. அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தேன், ரெக்கார்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் குறைப்பார்கள் என்பது ஞாபகம் வந்து மூடிவைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தில் முத்திரையும் விழுந்துவிட்டது.