பிளேஸ்டேஷன் 1 வரை தாராளம், அதற்கு மேல் தகராறு

கையில் பிடிக்கிற சின்னக் கருவியில் பழைய வீட்டு கன்சோல்களின் கேம்கள் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் ஓடுகிறது என்பது வேறு, உட்கார்ந்து நிம்மதியாக விளையாடுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கியது 6,000 ரூபாய்க்குள் கிடைத்த ஒரு சீனக் கருவி. 3.5 அங்குலத் திரை, 640-க்கு 480 புள்ளிகள். உள்ளே ஆல்வின்னர் எச்700 சிப், 1.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர்கள், 1 ஜிபி ரேம். இன்றைய ஃபோன்களுக்குப் பக்கத்தில் வைத்தால் ரொம்ப எளிய சிப். அக்கா மகன் பார்த்ததுமே கேட்டான்: "மாமா, இதெல்லாம் என் ஃபோன்லயே ஓடுமே, எதுக்குத் தனியா ஒண்ணு?"

ஓடும்தான். பழைய கன்சோலைப் போல நடித்து அதன் கேம்களை ஓட்டும் மென்பொருள்களான எமுலேட்டர்கள் ஆண்ட்ராய்டில் பல வருடங்களாக இருக்கின்றன. 2024 ஏப்ரலில் ஆப்பிளும் தன் ஆப் ஸ்டோரில் அனுமதித்துவிட்டது. "உன் ஃபோன்ல மரியோவை ஓடிக்கிட்டே குதிக்க வைடா பாப்போம்" என்றேன். பி பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஏ பட்டனைத் தட்ட வேண்டும். கண்ணாடியில் பட்டன் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாது. முதல் குழியிலேயே விழுந்தான். "அதைக் குடு மாமா" என்று கருவியை வாங்கிக்கொண்டவன் திருப்பித் தர ராத்திரி ஆகிவிட்டது.

சிப்பின் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலின் பிராசஸர் 1.79 மெகாஹெர்ட்ஸ், ரேம் 2 கிலோபைட். 1994 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷனுக்கு மிப்ஸ் என்ற வகையைச் சேர்ந்த 33.87 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 2 எம்பி ரேம். 1,500 மெகாஹெர்ட்ஸ் வைத்திருக்கிற கருவிக்கு இது சுண்டைக்காய் என்று தோன்றும். அப்படி இல்லை. அந்தப் பழைய பிராசஸரின் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டு, நம் சிப்பின் பாஷையில் செய்துகாட்ட வேண்டும். கூடவே படம், ஒலி, சிடி டிரைவ் எல்லாமே ஒன்றுக்கொன்று நேரம் தவறாமல் நடக்க வேண்டும். கட்டளை கட்டளையாகச் செய்தால் பிளேஸ்டேஷன் மூச்சுத் திணறும். அதனால் ஒரு பகுதியை மொத்தமாக நம் சிப்பின் பாஷையான ஆர்ம் கட்டளைகளாக மாற்றி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே பகுதி வந்தால் நேராக ஓட்டிவிடுகிறார்கள். என் கருவியில் ஓடுவது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற எமுலேட்டர். ஓப்பன் பண்டோரா என்ற கையடக்கக் கணினிக்காக நோடாஸ் என்ற புனைபெயரில் எழுதும் நிரலாளர் செதுக்கியது. இவ்வளவு சின்ன சிப்பில் அது சிரமமில்லாமல் ஓடுவதற்குக் காரணம் அந்தப் பிறப்புதான்.

உண்மையில் இந்தக் கேள்விக்கு சோனியே எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 2004-இல் வந்த தன் கையடக்கக் கருவியான பிஎஸ்பியில் பிற்பாடு பிளேஸ்டேஷன் 1 கேம்களை அதிகாரபூர்வமாகவே ஓட்டினார்கள். அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அதிலும் மிப்ஸ் குடும்பத்துச் சிப் என்பதால் மொழிபெயர்க்கிற சுமை குறைந்தது.

இனி வேலைக்கு வருகிறேன். இந்தக் கருவிகளோடு வரும் மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான கேம்களை ஏற்றியே அனுப்புகிறார்கள். யாருடைய அனுமதியும் வாங்கியிருக்க மாட்டார்கள். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் புதிய கார்டுகள் இரண்டு வாங்கினேன். ஒன்றில் ஆர்வலர்கள் இலவசமாகத் தரும் லினக்ஸ் அமைப்பை பலேனா எட்சர் என்ற மென்பொருளை வைத்து எழுதினேன், இன்னொன்று கேம்களுக்கு. எட்சரில் எந்த டிரைவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று இருமுறை பார்த்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதுவே செய்துவிடும்.

கேம்களுக்கு என்னிடம் வழி இருந்தது. துபாயில் இருந்த பெரியப்பா லீவுக்கு வரும்போதெல்லாம் வாங்கி வந்த ஒரிஜினல் பிளேஸ்டேஷன் சிடிக்கள், அடிப்பக்கம் கறுப்பாக இருக்குமே, அவை. கன்சோல் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கிய கணினி நிரலிலிருந்து சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினேன். இந்தக் காலத்தில் டிவிடி டிரைவா என்று கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் தூசி தட்டி எடுத்து வந்தார்.

அந்தக் கறுப்பு நிறம் படிப்பதைத் தடுக்காது; சிடி டிரைவின் அகச்சிவப்பு லேசருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இம்ஜ்பர்ன் மென்பொருளில் படித்தால் பின், க்யூ என இரண்டு கோப்புகள் கிடைக்கும். பின் கோப்பில் சரக்கு, க்யூ கோப்பில் எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற விவரம். க்யூ சின்னதாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். பல பிளேஸ்டேஷன் கேம்களில் பின்னணி இசை சாதாரண ஆடியோ சிடி டிராக்காகவே இருக்கும், க்யூ இல்லாவிட்டால் கேம் ஊமையாக ஓடும். இரண்டையும் சிஎச்டிமேன் என்ற கருவியில் கொடுத்து ஒரே சிஎச்டி கோப்பாகச் சுருக்கிவிட்டேன். இடமும் மிச்சம், க்யூ தொலைகிற வம்பும் இல்லை. ஒரே கேம் மூன்று நான்கு சிடியாக இருந்தால், கோப்புப் பெயர்களை வரிசையாக எழுதி எம்3யூ என்ற விரிவோடு ஒரு உரைக்கோப்பு போட வேண்டும். அப்போதுதான் நடுவில் சிடி மாற்றச் சொல்லும்போது மாற்ற முடியும்.

என்னை நிஜமாகவே சுற்றவிட்டது ஒரு சிடிதான். எந்தக் கீறலும் இல்லை, தொடக்கம் அருமை, உள்ளே போனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அப்படியே நிற்கும். திரும்பப் படியெடுத்தாலும் அதே இடம். காரணம் லிப்கிரிப்ட். ஐரோப்பியப் பதிப்புச் சிடிக்கள் சிலவற்றில் சோனி வைத்த காப்புப் பூட்டு அது. தரவு இருக்கும் இடத்தில் கை வைக்காமல், பக்கத்தில் ஓடும் சப்சேனல் என்ற பகுதியில் வேண்டுமென்றே சில பிழைகளைப் பதித்திருப்பார்கள். சாதாரணப் படியில் அந்தப் பகுதி வராது. கேம் தேடிப் பார்த்துவிட்டு, இது நகல் என்று முடிவுகட்டிவிடும். காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் தொல்லை. கேமின் பெயரிலேயே ஒரு எஸ்பிஐ கோப்பைப் பக்கத்தில் வைத்தால் எமுலேட்டர் அந்தப் பிழைகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சில கிலோபைட் கூட வராத கோப்பு, வைத்ததும் ஓடியது.

பயோஸ் இன்னொரு தலைவலி. கன்சோலுக்குள் இருந்த 512 கிலோபைட் தொடக்க நிரல் அது, உரிமை சோனியுடையது. ரீஆர்ம்டுக்குள் அதற்கு மாற்றாக எழுதிய நிரல் ஒன்று இருப்பதால் என் சிடிக்களில் பெரும்பாலானவை பயோஸ் இல்லாமலே ஓடின. ஓடாததை அப்படியே விட்டுவிட்டேன். எமுலேட்டர் செய்வதே குற்றமா என்ற வழக்கு ஒன்றும் நடந்திருக்கிறது. கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் 1999-இல் மேக் கணினிக்கு ஒரு பிளேஸ்டேஷன் எமுலேட்டரை விற்க, சோனி நீதிமன்றம் போனது. 2000-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. சோனி அடுத்து என்ன செய்தது தெரியுமா? அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி மூடிவிட்டது.

அடுத்தது நம் எல்லோருக்கும் பழக்கமான டிவி கேம். ஃபேமிகாமின் நகல்கள்தான் அவை. மஞ்சள் கேசட், அதில் "9999999 இன் 1" என்று எழுதியிருக்கும், உள்ளே எண்ணினால் அஞ்சாறு கேம்தான், மற்றதெல்லாம் அதே கேம் வேறு லெவலில் தொடங்கும். கேசட்டைக் கணினியில் படிக்கும் கருவி பெங்களூரு நண்பர் ஒருவரிடம் இருந்தது, இரவல் வாங்கினேன். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுக் கேமும் 40 கிலோபைட். காலையில் சித்தி அனுப்பும் வாட்ஸ்அப் ரோஜாப்பூ படம் அதைவிடப் பெரியது. தனிக் கேசட்டுகள் சுலபம். பல கேம் கேசட்டுதான் முரண்டு பிடித்தது. அதற்குள் கேம்களை மாற்றித் தரும் சில்லு எந்த வகை என்று எமுலேட்டருக்குச் சொல்ல வேண்டும்; கோப்பின் தலையில் உள்ள 16 பைட்டில் அந்த மேப்பர் எண் சரியாக இல்லாவிட்டால் வெறும் சாம்பல் திரைதான். ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துத்தான் பிடித்தேன்.

ஓடியது, ஆனால் என் காதுக்கு எதுவோ இடித்தது. பாட்டு அவசரப்பட்டது. அமெரிக்க, ஜப்பானிய கன்சோல்கள் நொடிக்கு 60 படம் காட்டுபவை. நம் ஊர் டிவிக்கள் பின்பற்றிய பால் (PAL) முறையில் 50. எமுலேட்டர் அமைப்பில் 60 படத்துக்கான என்டிஎஸ்சி, 50-க்கான பால் இரண்டோடு டெண்டி என்று மூன்றாவது ஒன்று இருக்கும். டெண்டி என்பது 1992-இல் ரஷ்யாவில் வெளிவந்து பிரபலமான ஃபேமிகாம் நகல். 50 படம்தான், ஆனால் பிராசஸர் கிட்டத்தட்ட ஜப்பான் வேகத்திலேயே ஓடும். அதைத் தேர்ந்தெடுத்ததும் பாட்டு நான் வளர்ந்த வேகத்துக்கு இறங்கியது. கேம் 17 சதவீதம் மெதுவாகிறது; அக்கா மகனுக்கு இது தூங்கி வழிகிறதாம். அவன் 60-இல் ஆடுகிறான், நான் 50-இல்.

திரை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஃபேமிகாம் படம் 256-க்கு 240. இந்தத் திரையில் சரியாக இரண்டு மடங்காக்கினால் 512-க்கு 480, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். பட்டை பிடிக்காமல் 640-க்கு இழுத்தால் ஒரு புள்ளி இரண்டாகவும் அடுத்தது மூன்றாகவும் விரியும், மரியோ ஓடும்போது பின்னணிச் செங்கல்கள் நெளியும். எனக்குப் பட்டையே மேல். பிளேஸ்டேஷனில் நிறையக் கேம்கள் 320-க்கு 240 என்பதால் அங்கே இந்தச் சண்டையே இல்லை, இரண்டு மடங்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் பழைய பிக்சர் டியூப் டிவியை நம்பியே வரைந்த படங்கள் உண்டு. 1991-இல் வந்த சேகாவின் சோனிக் கேமில் வரும் அருவியில் செங்குத்துக் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். பழைய வீடியோ வயர் அவற்றைக் கலங்கடித்து, தண்ணீர் ஊடாகத் தெரிவதுபோல் காட்டும். எல்சிடி அவ்வளவு தெளிவாகக் காட்டுவதால் அருவி ஜன்னல் கம்பியாகிவிடுகிறது. ஷேடர் என்ற படத்தை மாற்றிக்காட்டும் சின்ன நிரலைப் போட்டு மழுப்பலாம், கருவிக்கு அது கூடுதல் சுமை.

வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் எந்த வழியிலும் இல்லை. விசையை இழுத்ததும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும், துப்பாக்கியின் கண் அதைப் பார்க்கும். பிக்சர் டியூபின் உடனடி ஒளிக்காகவே செய்த ஏற்பாடு அது. எல்சிடி தாமதமாகக் காட்டும், அதோடு 3.5 அங்குலத் திரைக்கு எதிரே நின்று எதைக் குறிபார்ப்பது?

அக்கா மகனுக்கு எப்போதும் இன்னும் மேலே போக வேண்டும். நின்டெண்டோ 64 போட்டுப் பார்த்தோம். 1996-இல் வந்தது, 93.75 மெகாஹெர்ட்ஸ். எண்ணைப் பார்த்தால் பிளேஸ்டேஷனைவிட மூன்று மடங்குகூட இல்லை. ஆனால் அதன் வரைகலைச் சிப்புக்கு மைக்ரோகோடு என்று தனி நிரல் உண்டு, ரேர், ஃபாக்டர் 5 போன்ற நிறுவனங்கள் அதையே தங்கள் வசதிக்கு மாற்றி எழுதிக்கொண்டன. எமுலேட்டருக்குத் தெரிந்த மைக்ரோகோடு என்றால் கேம் ஓடுகிறது, இல்லையென்றால் படம் உடைகிறது, இல்லை நொண்டுகிறது. சேகா சாட்டர்ன் அதைவிட மோசம். தலா 28.6 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பிராசஸர்கள், இரண்டு வீடியோ சிப்கள், ஒலிக்குத் தனி பிராசஸர். எல்லாரையும் ஒரே தாளத்தில் நிறுத்துவதிலேயே என் கருவிக்குச் சக்தி தீர்ந்துவிடுகிறது. விளம்பரத்தில் "என்64 ஓடும்" என்று எழுதியிருந்தால் அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சேமிப்பு பற்றி ஒன்று. எந்த நொடியிலும் நிறுத்திவைக்கும் சேவ் ஸ்டேட் வசதியானது, ஆனால் எமுலேட்டரின் பதிப்பு மாறினால் அது திறக்காமல் போகலாம். பெரிய கேம்களில் அதன் சொந்த மெமரி கார்டு சேமிப்பையே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த 128 கிலோபைட் கோப்பை எந்த எமுலேட்டருக்கும் கொண்டுபோகலாம்.

இப்போது அவன் பிளேஸ்டேஷன் 2 கேட்கிறான். அதற்கு இந்த வகைச் சிப் ஆகாது. ஆண்ட்ராய்டில் அதை நன்றாக ஓட்டிய ஈத்தர்எஸ்எக்ஸ்2-வை உருவாக்கியவரும், கொலை மிரட்டல் வரை வந்த தொந்தரவு தாங்காமல் 2023 ஜனவரியில் கைவிட்டுவிட்டார். இருக்கிற கடைசிப் பதிப்பை ஒட்டுப்போட்டு மற்றவர்கள் ஓட்டுகிறார்கள். தனிக் கருவி வேண்டாம், உன் ஃபோனே போதும், ரெண்டு பக்கமும் மாட்டுகிற கன்ட்ரோலர் மட்டும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அரைப் பரீட்சை மார்க்கைப் பார்த்துவிட்டு என்று அக்கா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்.