சிக்கிய ரிவால்வர்: சிலிண்டர் எங்கே பிடிக்கிறது?

ரிவால்வர் சிக்கவே சிக்காது என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லிவிடுகிறார்கள். சிக்கும். சிக்கினால் பிஸ்டலைப் போல ஸ்லைடை ஒரு இழு இழுத்துவிட்டுத் தொடரவும் முடியாது. பெரும்பாலும் மேசைக்குக் கொண்டுபோய்த்தான் சரிசெய்ய வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அமெரிக்கச் சுடும் பயிற்சி ரேஞ்சுகளில் அதிகம் புழங்கும் ஸ்மித் அண்ட் வெஸன் வகை, 6 தோட்டா, .38 ஸ்பெஷல் அல்லது .357 மேக்னம் ரிவால்வரை வைத்து எழுதுவது.

டிரிகர் நகரவில்லை என்றதும் பலர் பலத்தைக் கூட்டுகிறார்கள். அதைத்தான் செய்யக் கூடாது. விரலை டிரிகரிலிருந்து எடுத்து, குழல்வாயை இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டுக்கு நேராகவே வைத்திருங்கள். 'க்ளிக்' என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால் குறைந்தது 30 விநாடி அப்படியே பிடியுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. அவசரப்பட்டு மறுபடி டிரிகரை இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாத நிலையில் வெடிக்கும். மற்றொரு கையின் விரல்கள், தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரின் முன்விளிம்பைத் தாண்டவே கூடாது. சுடும்போது சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு சதையைக் கிழிக்கும்.

அடுத்து நினைவுபடுத்த வேண்டியது, கடைசி வெடியின் சத்தம். வழக்கமான 'டம்' இல்லாமல் 'பட்' என்று அமுங்கிக் கேட்டிருந்தால், கையில் உதையும் குறைந்திருந்தால், குண்டு குழலுக்குள் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெடிமருந்து இல்லாமலோ குறைவாகவோ நிரப்பிய தோட்டாவில், அடியில் தீ மூட்டும் பிரைமரின் வேகமே பெரும்பாலும் குண்டைத் தள்ளும். பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாக அது நின்றுவிட்டால் தாழ்ப்பாள் போட்ட மாதிரி சிலிண்டர் சுற்றவும் செய்யாது, திறக்கவும் செய்யாது. ஒரு வகையில் இது நல்ல சிக்கல். குண்டு முழுவதும் குழலுக்குள் போய்விட்டால் சிலிண்டர் சுகமாகச் சுற்றும், அடுத்த குண்டு அதன் பின்னால் மோதும், குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

சரிசெய்ய 8 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். இரும்புக் கம்பி குழலின் வரிகளைக் கெடுக்கும். மரக்குச்சி உள்ளேயே பிளந்து ஆப்பு போல இறுகும். குழல்வாய் வழியாகக் கம்பியை விட்டு, சிறு சுத்தியால் லேசாகத் தட்டி, குண்டைச் சிலிண்டருக்குள்ளேயே பின்னுக்குத் தள்ளுங்கள். சிலிண்டர் திறந்துவிடும். மற்ற அறைகளில் சுடாத தோட்டாக்கள் இருக்கும் என்பதால் முகமோ உள்ளங்கையோ குழல்வாய்க்கு முன்னால் வரக் கூடாது. இன்னொரு தோட்டாவைச் சுட்டு வெளியேற்றலாம் என்ற யோசனையே வேண்டாம்.

சத்தம் சரியாக இருந்ததா? அப்படியென்றால் சிலிண்டர் முன்னால் பிடிக்கிறதா, பின்னால் பிடிக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பாருங்கள். முன்னால், சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே மெல்லிய ஒளிக்கோடு தெரிய வேண்டும். 0.15 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருந்தால் நல்ல இடைவெளி. ஈயமும் கரியும் படிந்தால் அது அடைபட்டு, சூடேறச் சூடேறச் சுற்றுவது கனக்கும். நைலான் தூரிகையும் கரைப்பானும் போதும்.

முன்பக்கத்தில் ஒரு குண்டின் மூக்கு சிலிண்டரைவிட்டு நீட்டிக்கொண்டிருக்கலாம். எடை குறைந்த ரிவால்வரில் பலமான தோட்டாக்களைச் சுடும்போது உதையின் வேகத்தில் தோட்டாவின் பித்தளைக் கூடு பின்னால் போக, குண்டு அதே இடத்தில் நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் சரியாக மடிக்கப்படவில்லை என்றால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மரக்குச்சியால் உள்ளே அழுத்திப் பார்க்கலாம், தட்டக் கூடாது. அழுத்தத்துக்கு நகரவில்லை என்றால் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் போக வேண்டியதுதான். அழுத்திய தோட்டாவைத் திரும்பவும் சுடக் கூடாது. புதிய வகைத் தோட்டாவை வாங்கினால் முதலிலேயே சோதித்துவிடலாம்: ஒன்றின் நீளத்தைக் காலிப்பரில் அளந்து சிலிண்டரில் போட்டு, மற்ற ஐந்தையும் சுட்டபின் அதை எடுத்து மறுபடி அளந்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

பின்பக்கம்தான் அதிகம் தொல்லை தருவது. காலிக் கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் இரண்டு மாட்டினாலே தகடு சரியாக அமராது. சிலிண்டர் மூட மறுக்கும், மூடினாலும் டிரிகர் கல்லாக இருக்கும். எஜெக்டர் ராடை (சிலிண்டரின் நடுவிலிருந்து முன்னால் நீளும், அந்தத் தகட்டைத் தள்ளும் கம்பி) அழுத்திப் பிடித்து, தகட்டின் அடியையும் அது உட்காரும் பள்ளத்தையும் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் தீர்ந்தது. வராமல் தடுக்க, கூடுகளை வெளியேற்றும்போது குழல்வாயை வானத்தை நோக்கித் தூக்கி, ராடை உள்ளங்கையால் ஒரே அடியாக முழுத் தூரமும் அடியுங்கள். துகள்கள் கூடுகளோடு கீழே கொட்டிவிடும். மெதுவாக, பாதித் தூரம் அழுத்தினால் ஒரு கூடு தகட்டுக்கு அடியில் போய் உட்காரும். அப்போது ராடை அழுத்தியபடியே வைத்து அந்தக் கூட்டை நகத்தாலோ சிறு கொக்கியாலோ இழுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் எண்ணெயைத் தாராளமாக விடுபவர்கள் துகள்களுக்குப் பசை தடவிக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் நிரப்பிய தோட்டா என்றால் பிரைமரையும் சந்தேகப்படுங்கள். அது கூட்டின் அடிப்பரப்பைவிடச் சுமார் 0.1 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். துருத்தினால் துப்பாக்கியின் சட்டமான ஃப்ரேமில் உரசிச் சிலிண்டரை நிறுத்தும். நிரப்பி முடித்ததும் ஒவ்வொன்றையும் கண்ணாடித் தட்டில் நிறுத்திப் பாருங்கள். ஆடுகிற தோட்டாவை ஒதுக்குங்கள். சிக்கிவிட்டால் கட்டைவிரலால் சீராக அழுத்தித் திறக்கப் பாருங்கள். பின்பக்கம் உரசுகிறது என்ற சந்தேகம் இருக்கும்வரை சிலிண்டர்மேல் சுத்தி படவே கூடாது, உரசுவது உயிருள்ள பிரைமர்.

முன்னும் பின்னும் சுத்தமாக இருந்தும் திறக்கவில்லையா? எஜெக்டர் ராடு கழன்றிருக்கலாம். மரை தளர்ந்து ராடு முன்னால் நீண்டுவிட்டால், குழலுக்கு அடியிலுள்ள தாழை ராடுக்குள் இருக்கும் ஊசியால் தள்ள முடியாது. எல்லாத் தோட்டாக்களும் சுடப்பட்டுவிட்டன என்று உறுதியானால் மட்டும் இதைச் செய்யுங்கள்: பின்னாலுள்ள ஹேமரை (பிரைமரை அடிக்கும் உறுப்பு) சற்றே பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் சிலிண்டர் தளரும், ராடின் சொரசொரப்பான முனையை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிலிண்டரை அது வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். 1960 வாக்கிலிருந்து வந்தவற்றில் இடது மரை என்பதால் அந்தச் சுற்று ராடை இறுக்கும். அதற்கு முந்தையவற்றில் வலது மரை, இந்த வழி கழற்றிவிடும். சுடாத தோட்டா ஒன்று உள்ளே இருந்தாலும் கை வைக்காமல் ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். கோல்ட், ரூகர் ஜிபி100 போன்றவற்றில் ராடின் முனை தாழ் இல்லாததால் இந்தச் சிக்கல் இந்த வடிவில் வராது.

திறந்தபின் ராடை நிரந்தரமாக இறுக்க, முதலில் அறைகளில் காலிக் கூடுகளைப் போடுங்கள். இல்லாவிட்டால் முறுக்கும் விசை நட்சத்திரத் தகட்டின் மெல்லிய வழிகாட்டி ஊசிகளில் விழுந்து அவற்றை வெட்டும். ராடைத் தோல் வைத்த வைஸில் பிடித்து, மரையில், மரை கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு சிறு துளி. கசிந்து ராடுக்குள் இருக்கும் ஊசிமேல் பட்டால் அதுவும் ஒட்டிக்கொள்ளும், அதனால் துளிக்கு மேல் வேண்டாம்.

.357 ரிவால்வரில் .38 சுடுபவர்களுக்கு இன்னொன்று. .38 கூடு சுமார் 3.4 மி.மீ. குட்டை. அது முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையம் கட்டும், பிறகு .357 கூடு முழுதாக உள்ளே போகாது, போனாலும் சுட்டபின் வெளியே வராது. மேக்னம் போடுவதற்கு முன் வெண்கலத் தூரிகையால் 6 அறைகளையும் தேய்த்துவிடுங்கள். சினிமாவில் வருவதுபோல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடுவதை நிறுத்துங்கள், சிலிண்டரைத் தாங்கும் கையான கிரேன் வளைந்தால் பிறகு எதுவும் நேராக நிற்காது.

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், சுத்தமான காலி ரிவால்வரிலேயே சிலிண்டர் ஒரு குறிப்பிட்ட அறையில் மட்டும் திக்கினால் அது உள்ளுறுப்புத் தேய்மானம். பக்கத் தகட்டை நெம்பித் திறக்க வேண்டாம், கன்ஸ்மித்தின் வேலை அது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கு உரிமம் கட்டாயம் என்பதால், உரிமம் உள்ளவரிடமே கொடுங்கள். கொடுக்கும்போது எந்த அறையில் திக்குகிறது என்று சிலிண்டரின் வெளிப்புறத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் அவருக்கு பாதி நேரம் மிச்சம்.