அத்தை வார்டுக்கு நின்றபோது நான் எழுதிய கணக்கு

உரக்கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. பதினாறு வருஷமாகிறது. யூரியா எத்தனை மூட்டை இறங்கியது, யார் கடனுக்கு எடுத்தார், அறுப்பு முடிந்து யார் எவ்வளவு கட்டினார் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். அதனால் 2022 பிப்ரவரியில் எங்கள் அத்தை பேரூராட்சி வார்டுக்குச் சுயேச்சையாக நின்றபோது, "செலவுக் கணக்கை நீ பாத்துக்க தம்பி" என்று ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். போன வாரம் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, பரணில் இருந்த அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்களுடையது குடமுருட்டிக் கரையில் 15 வார்டு உள்ள ஒரு பேரூராட்சி. ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ எழுதப் போவதில்லை. எல்லாரும் ஒரே கடைவீதியில்தான் நடக்கிறோம், ஒரே ஆற்றங்கரையில்தான் எரியப் போகிறோம்.

அத்தை அங்கன்வாடியில் 29 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு டீச்சரம்மா என்றுதான் பெயர். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. அரசு போட்ட தனி அலுவலர்தான் பேரூராட்சியை நடத்தினார். அந்த ஐந்து வருஷத்தில் எங்கள் தெருச் சாக்கடை பாசன வாய்க்காலில் போய்க் கலக்க ஆரம்பித்தது. உளுந்து தெளிக்க வயலில் இறங்கினால் காலில் அரிப்பு வரும். அத்தை பதினோரு மனு எழுதினார். பதினோரு மனுவுக்கும் ரசீது வைத்திருக்கிறார். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கீடு அறிவிப்பு வந்த அன்றைக்கே நிற்பதாக முடிவு செய்துவிட்டார். மாமா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே போய் வாக்காளர் பட்டியல் நகல் வாங்கி வந்தார்.

வேட்புமனு ஜனவரி 28லிருந்து பிப்ரவரி 4 வரை. திரும்பப் பெறும் நாள் 7. அன்று சாயங்காலம்தான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைத்தது. பிரச்சாரம் 17ஆம் தேதி மாலை 6 மணியோடு முடிவு. ஆக, அத்தைக்குக் கிடைத்தது பத்து நாள். கட்சிக்காரர்களுக்குச் சின்னம் பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

நோட்டின் மூன்றாம் பக்கத்தை அப்படியே தருகிறேன். நோட்டீஸ் 2,000 பிரதி, 2,400 ரூபாய். சின்னம் அச்சடித்த கையடக்க அட்டை, 640. ஆட்டோவும் மைக்கும் மூன்று நாள், 4,200. டீ, சுண்டல், 1,870. ஓட்டுப்பதிவு அன்று மேஜை, நாற்காலி, தட்டிப்பந்தல், 650. ஜெராக்ஸ், 310. மொத்தம் 10,070. டெபாசிட் ஆயிரம் தனி. இந்தப் பத்தாயிரமும் அத்தையின் தோடு அடகில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பில் ஒட்டியிருக்கிறேன். சுண்டலுக்குப் பில் தராத பாட்டியிடம் வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறேன்.

பேரூராட்சி வார்டு வேட்பாளருக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 17,000 ரூபாய். எங்கள் வார்டில் 742 ஓட்டு. வகுத்தால் ஓட்டுக்கு 22 ரூபாய் 91 காசு. ஜெயித்தவர் தரப்பில் ஓட்டுக்கு 500 கொடுத்தார்கள். அறுநூறு ஓட்டுக்குக் கொடுத்தார்கள் என்று வைத்தாலே 3 லட்சம். இன்னொரு தரப்பில் 300. பேரூராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியமே 2023 ஜூலையிலிருந்துதான் வந்தது. மாதம் 2,500. ஐந்து வருஷம் முழுக்க வாங்கினால்கூட ஒன்றரை லட்சம். அப்படியிருக்க, 3 லட்சத்தை ஒருவர் எதற்காகப் போடுகிறார் என்று கணக்கு எழுதுகிறவன் கேட்காமல் இருக்க முடியாது.

பாதிப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. பேரூராட்சித் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022ல் அது மார்ச் 4ஆம் தேதி நடந்தது. 15 பேரில் 8 பேர் போதும். தலைவர் நாற்காலியில் கண் வைத்தவர் தன் வார்டோடு நிற்க மாட்டார், இன்னும் ஏழு வார்டுக்கும் அவர்தான் படியளக்க வேண்டும். மீதிப் பதில் வயலை மனையாக்குகிறவர்களிடம் இருக்கிறது. மனைக்கு ரோடு வேண்டும், தெருவிளக்கு வேண்டும், குழாய் வேண்டும். எங்கள் வார்டில் ஜெயித்தவருக்குப் பின்னால் நின்றது அப்படி ஒருவர்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் பணப் பட்டுவாடா புதுச் செய்தி இல்லை. 2016 மே மாதம் தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதியில் இதற்காகவே தேர்தலை நிறுத்தினார்கள். அரவக்குறிச்சியிலும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் நவம்பர் 19ல்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. ஆனால் 742 ஓட்டு உள்ள ஒரு வார்டுக்கு அந்த அளவு கண்காணிப்பு யார் வைப்பார்கள்?

இதுவரை எழுதியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. ஓட்டுக்கு 500 ரூபாய் வாங்கின ஜனங்களை எல்லாரும் திட்டுகிறோம். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அந்த ஓட்டுகளை "தெரு ஆதரவு" என்ற பெயரில் மொத்தமாகப் பேசி முடித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

பிப்ரவரி 12, சனிக்கிழமை ராத்திரி. கோயில் மண்டபத்தில் தெருக்கூட்டம் என்று தண்டோரா மாதிரி ஒரு பையன் சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனான். நான் போனேன். நாற்பது ஆம்பளைகள் இருந்திருப்பார்கள். நடுவில் பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்பு பூவம்பழம், அதன் மேல் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று, வாய் மடித்து. கும்பாபிஷேகத்துக்கு ஒன்றரை லட்சம் என்றார்கள், பின்னால் ஜெயித்தவரின் தரப்பிலிருந்து வந்தவர்கள். கோயில் கோபுரம் பதினெட்டு வருஷமாகப் பெயின்ட் பார்க்கவில்லை என்பது உண்மை. எல்லாருக்கும் அந்தக் குறை மனதில் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்கள்.

"தெரு ஒத்துமையா ஒரே பக்கம் நிக்கணும். ஓட்டைப் பிரிச்சா ஊர்ல நமக்கு மதிப்பு இருக்காது" என்றார் பெரியவர் ஒருவர். கற்பூரம் ஏற்றினார்கள். வரிசையாகக் கை வைத்துக் கும்பிட்டார்கள். என் முறை வந்தபோது நான் கை வைக்கவில்லை, பின்னால் நகர்ந்துவிட்டேன். எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கூட்டத்துல பொம்பளைங்க எத்தனை பேரு?"

"யாருமில்ல அத்தை."

"742 ஓட்டுல 391 எங்க ஓட்டு. எங்களை யாருமே கேக்கலையே, அது எப்படித் தெருவோட முடிவாகும்?"

மறுநாள் காலை ஆட்டோ மைக்கில், இன்ன தெரு மக்களின் ஏகோபித்த ஆதரவு பெற்ற வேட்பாளர் என்று வந்துவிட்டது. ஏகோபித்த! அத்தை அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆதரவு தருவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அத்தைக்கும் ஆதரவு இருந்தது. நோட்டீஸின் அடியில் 14 பேர் பெயர் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இரண்டு தூய்மைப் பணியாளர்கள், பால் சொசைட்டியில் அளக்கிறவர், மகளிர் குழுத் தலைவி ஒருவர், அத்தையிடம் சத்துமாவு வாங்கித் தின்று வளர்ந்து இப்போது டிராக்டர் ஓட்டுகிற பையன். ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் ஒரு ஓட்டுக்கு மட்டும் பொறுப்பேற்றுச் சொன்னார்கள். அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மா நோட்டீஸை வாங்கித் தன் பெயரைத் தடவிப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் பெயர் அதுவரை அச்சில் வந்ததில்லையாம். இதுவும் ஆதரவுதான். இதற்கு ஆன செலவு என் நோட்டில் இருக்கிறது: அச்சுக்கூலி. மண்டபத்து ஆதரவுக்கு ஆன செலவு எந்த நோட்டில் இருக்கிறது?

எங்கள் கடைக்கு உரம் வாங்க வருகிற கும்பகோணம் வக்கீல் ஒருவரிடம் பிற்பாடு கேட்டேன். கோயிலுக்குத்தானே கொடுத்தார்கள், அது எப்படி லஞ்சம் என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன். அவர் பிரிவைக் காட்டினார். அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 171-பி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 170ஆவது பிரிவு. வாங்குகிறவரையோ "வேறு எவரையோ" ஓட்டுப் போடத் தூண்டும் நோக்கத்தோடு யாருக்குப் பணம் கொடுத்தாலும் அது லஞ்சம். வாங்குவதும் குற்றம். ஓர் ஆண்டு வரை சிறை. நான் ஜெயித்தால் சாக்கடை கட்டித் தருவேன் என்று வாக்குறுதி தருவது மட்டும் இதில் வராது. ஆக, தாம்பாளத்தில் இருந்த மஞ்சள் பை சட்டத்துக்குத் தெரியாத ஒன்று இல்லை. போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.

18ஆம் தேதி, ஓட்டுப்பதிவுக்கு முந்தின ராத்திரி, பத்தரைக்குக் கரண்ட் போனது. இருபது நிமிஷம். அதற்குள் வீட்டுக்கு வீடு வேலை முடிந்துவிட்டது. விடிகாலையில் பக்கத்து வீட்டு அக்கா கொல்லைப்பக்கமாக வந்தார். முந்தானையில் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு முடிந்திருந்தார்.

"வாங்க மாட்டேன்னு சொன்னா, தெருவுக்கு விரோதமா போறியான்னு கேக்கறாங்க டீச்சரம்மா. நாளைக்கு எம் பொண்ணு கல்யாணத்துக்கு யாரு வருவா?" என்று அழுதார்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அழாத. உள்ள போயி உம் மனசுக்குப் பட்டதுக்குப் போடு. அங்க உங்கூட யாரும் வரமாட்டாங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்கா பயந்தது பணத்துக்கு இல்லை. மண்டபத்தில் நாற்பது பேர் ஏற்றிய கற்பூரத்துக்கு. ஐந்நூறு ரூபாயை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எங்கள் தெருவில் பல பேருக்கு உண்டு. தெருவே வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்?

22ஆம் தேதி எண்ணினார்கள். பதிவானது 611. ஜெயித்தவர் 268, அடுத்தவர் 174, அத்தை 151, மற்றவர்கள் 18. அத்தை வீட்டுக்கு வந்து, "151 பேரு" என்று இரண்டு தடவை சொன்னார். அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் போட்டியிட முடியாது. மார்ச் முதல் வாரமே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். படிவத்தில் நோட்டீஸுக்கு இடம் இருந்தது, வண்டிக்கு இடம் இருந்தது, பந்தலுக்கு இடம் இருந்தது. கோயிலுக்கு, சங்கத்துக்கு, தெருப் பொதுவுக்கு, தேர்தல் நேரத்தில் என்ன கொடுத்தாய் என்று ஒரு வரி இருந்தால் போதும். பொய்யாவது எழுதட்டும். எழுதினால் நாளைக்கு யாராவது எடுத்துக் கேட்கலாம். எழுதவே இடமில்லாதபோது என்னத்தைக் கேட்பது?

மனைக்கு ரோடு வந்தது. கல்வெர்ட்டும் வந்தது. சாக்கடை இன்றைக்கும் வாய்க்காலில்தான் விழுகிறது.

போன வார விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தேர்தல் பேச்சு ஊரில் ஆரம்பித்துவிட்டது. கோயிலுக்கு மதில் கட்டித் தருவதாக ஒருவர் வந்து போயிருக்கிறார். கூட்டம் என்று சொன்னதும் அத்தை பதினொரு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து மண்டபத்தின் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. மதில் பேச்சு தொடங்கும்போது அத்தை எழுந்து, "அதுக்கு முன்னாடி 2022 கும்பாபிஷேகக் கணக்கை ஒரு தடவை படிச்சிடுங்க. நாங்க கேட்டதே இல்ல" என்றார்.

கணக்குப்பிள்ளை நோட்டைப் பிரித்துப் படித்தார். நன்கொடையாளர் பெயர்கள். 501 ரூபாய் கொடுத்தவர் வரைக்கும் கோயில் சுவரில் கிரானைட்டில் பொறித்திருக்கிறது, என் அப்பா பெயரும் இருக்கிறது. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தவர் ஒரு வரியில் குரலைத் தாழ்த்தினார். "அன்பர் ஒருவர், ஒரு லட்சத்து ஐம்பதாயிரம்."

"அந்த அன்பர் பேரு ஏன் செவுத்துல இல்ல?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் தொண்டையைச் செருமி, அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். மதில் பேச்சும் அதோடு நின்றுவிட்டது. அடுத்த கூட்டம் வரும் பௌர்ணமிக்கு. இந்தத் தடவை நான் பின்னால் நிற்கப் போவதில்லை.