ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

"டீசல் பம்ப் ஒழுகுது" என்று பட்டறைக்கு வரும் டிராக்டர்களில் பாதிக்கு மேல் பம்ப் ஒழுகுவதே இல்லை. வேறு எங்கோ ஒழுகும் டீசல் பம்ப் மேல் வந்து சேர்ந்திருக்கும். இதைச் சொன்னால் வண்டிக்காரருக்குக் கோபம் வரும். வராமல் என்ன செய்யும்? பம்பின் அடி போல்ட்டில் சொட்டு தொங்குவதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

டீசல் அவ்வளவு சீக்கிரம் காயாது. மெல்லிசாகப் படர்ந்து, கிடைத்த பைப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, எது பள்ளமோ அங்கே போய்த் தொங்கும். போதாததற்கு முன்னால் ஃபேன் சுற்றுகிறது. அந்தக் காற்று ஈரத்தைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும். அதன் மேல் வயல் புழுதி ஒட்டிக்கொண்டு கறுப்புக் களிம்பாகிவிட்டால், பம்ப் முழுக்க ஒரே நிறம்தான்.

மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர் மன்னார்குடி பக்கத்து வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்திருந்த நேரம். வாடகை டிராக்டர்கள் ராத்திரி பகல் பாராமல் சேறு அடித்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு வண்டி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் டீசல் தள்ளும் இன்லைன் பம்ப், சேற்றுக்கான இரும்புக் கேஜ் வீல் மாட்டியபடியே வரப்போரம் நின்றது. முந்தின நாள் ஒருவர் வந்து பார்த்து, "பம்பைக் கழற்றி பெஞ்சுக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெஞ்ச் என்றால் பம்பைப் பிரித்துச் சோதிக்கும் இடம். அங்கே கொடுத்தால் புது சீல் கிட், டீசல் அளவைச் சரிசெய்யும் காலிபிரேஷன் என்று எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சீசனில் வண்டி படுத்தால் வாடகைக்குச் சொல்லி வைத்தவர்கள் அடுத்த வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். வண்டிக்காரர் முகத்தில் அந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இறுக்கிப் பார்க்கலாமா?" என்றார்.

"முதல்ல ஓட்டுற பையன்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேண்ணே" என்றேன்.

வண்டிக்காரர் சொல்வது வேறு, டிரைவர் சொல்வது வேறு. நாள் முழுக்க அதன் மேல் உட்கார்ந்திருப்பவன் அவன்தான். காலையில் வண்டியை எடுக்கும்போது தரையில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லண்ணே, நைட்டு நின்ன எடம் காஞ்சுதான் கெடக்கும். ஓட்டும்போதுதான் வருது. ஆக்சிலேட்டரக் கூட்டுனா ஜாஸ்தி" என்றான். அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்தது.

டிராக்டரில் பெரும்பாலும் டேங்க் பம்புக்கு மேலே இருக்கும். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிப் பெரிய பம்புக்குத் தள்ளும் சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து அது வரைக்கும் உள்ள பைப்பில் ஓட்டை இருந்தால், வண்டி நிற்கும்போது டீசல் தானாக இறங்கிச் சொட்டும். ஓடும்போது ஃபீட் பம்ப் உறிஞ்சுவதால் சொட்டு நின்றுபோய், அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனாலும் போகும். வெளியே சுத்தமாக இருந்துகொண்டு ஏர் பிடித்து ஆஃப் ஆகும் வண்டிகளில் பல இந்த ரகம். ஃபீட் பம்பைத் தாண்டி ஃபில்டர், பைப்பைப் பிடிக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட், பம்புக்குள் டீசல் நிற்கும் கேலரி பக்கம் என்றால் ஓடும்போது நன்றாக ஒழுகும், நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் கசியும். ஓடும்போது மட்டும், அதுவும் வேகம் கூட்டினால் மட்டும் என்றால், பம்பிலிருந்து சிலிண்டருக்குள் டீசல் தூவும் நாசிலுக்குப் போகும் ஹை பிரஷர் பைப்பின் நட், அந்தப் பைப் பம்பில் வந்து மாட்டும் டெலிவரி வால்வ் ஹோல்டர், நாசிலில் கசியும் டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைன், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

டெலிவரி வால்வ் ஹோல்டர்களைப் பார்த்தால் மூன்றிலும் ஸ்பேனர் பட்ட புதுப் பளபளப்பு. யாரோ இறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் ஆகாது. அதை டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பலம் போட்டால் உள்ளே பேரல் என்ற குழல் நெளிந்து, அதற்குள் ஏறி இறங்கி டீசலைத் தள்ளும் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். பிளஞ்சர் பிடித்தால் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் நகராது. ரேக் டீசல் கூடின இடத்தில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் யார் பேச்சையும் கேட்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். நல்லவேளை, அன்று ரேக் தடையில்லாமல் போய் வந்தது.

சரி, கழுவினோம். பழைய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும்தான். வேஸ்ட் துணியால் ஈரம் போகத் துடைத்து, போல்ட் தலைக்கு அடியில் நிற்பதைக்கூட துணி முனையைத் திருகி எடுத்தோம். அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரைப் பம்ப் மேலும் பைப்புகள் மேலும் தூவினேன். வண்டிக்காரர் சிரித்துவிட்டார். "கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறோம்?" என்றார்.

எஞ்சினைப் போடாமல் ஃபீட் பம்பின் கைப்பம்பை அடிக்கச் சொன்னேன். கேலரியில் டீசல் ஏறியது. பவுடர் வெள்ளையாகவே இருந்தது. எஞ்சினை ஐடிலில் விட்டோம். அப்போதும் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் பொறுமை போகும், ஸ்பேனரைத் தொடச் சொல்லிக் கை அரிக்கும்.

வேகத்தைக் கூட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது பைப் மேல் இருந்த பவுடரில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இறங்கியது. பையன் பைப் நட்டைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினான். கையைத் தட்டிவிட்டேன். நாசில் திறக்கும் அழுத்தமே ஏறக்குறைய 200 பார், பி.எஸ்.ஐ.யில் மூவாயிரத்துக்குப் பக்கம். லாரி டயரில் அடிப்பது நூற்றுச் சொச்சம். அந்த அழுத்தத்தில் ஊசி மாதிரி பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த அளவுக்குத்தான் புள்ளி தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். நீட்டினேன். நட் பக்கம் பீச்சல் எதுவும் இல்லை, அட்டை காய்ந்தே இருந்தது.

அப்படியானால் கோடு எங்கே தொடங்குகிறது? மேலே, நாசில் தலையில். ரிட்டர்ன் லைனின் ரப்பர் ஹோஸ் வெயிலிலும் சூட்டிலும் விறைத்து, மடிப்பில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. நாசில் ஊசியைச் சுற்றிக் கசிந்து டேங்குக்குத் திரும்ப வேண்டிய டீசல், அந்த வெடிப்பு வழியாக வந்து ஹை பிரஷர் பைப்பில் இறங்கி, சரிவாகப் பம்ப் தலைக்குப் போய், பக்கவாட்டில் வழிந்து அடி போல்ட்டில் தொங்கியிருக்கிறது. வேகம் கூடினால் திரும்பும் டீசலும் கூடும். பையன் சொன்னது சரியாகப் பொருந்தியது.

ஹோஸை மாற்றினோம். ரிட்டர்ன் பேன்ஜோவில் இருந்த காப்பர் வாஷர்களும் நசுங்கிக் கல்லாகியிருந்தன. புதுசு கையில் இல்லை. பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் காப்பர் மறுபடி இளகும். இரும்பு மாதிரி கெட்டிப்படாது. மேல்தோல் கருப்பைத் தேய்த்துவிட்டுப் போட்டேன். கிடைத்தால் புது வாஷர் போடுவதுதான் நல்லது, ஆனால் வரப்போரம் கடை கிடையாது.

கிளம்பும் முன் எஞ்சின் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். இது எந்த டீசல் கசிவுக்கும் செய்கிற வேலை. சில கசிவுகள் வெளியே வரவே வராது. ஃபீட் பம்ப் ஸ்பிண்டில் தேய்ந்தாலோ, இன்னொரு ரகமான ரோட்டரி பம்பில் டிரைவ் ஷாஃப்ட் சீல் போனாலோ டீசல் நேராக எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கலாம். வெளியே ஒரு சொட்டு ஈரம் இருக்காது, ஆயில் அளவு மட்டும் நாளுக்கு நாள் ஏறும். "ஆயிலே குடிக்காத வண்டி" என்று பெருமையாகச் சொன்ன ஒருவரின் டிராக்டரில் ஸ்டிக்கை மோந்து பார்த்தபோது டீசல் நாற்றம் அடித்தது. இளகிப்போன ஆயிலில் ஓடினால் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? இந்த வண்டியில் அளவும் பிசுபிசுப்பும் சரியாக இருந்தன.

"அப்ப பம்ப் நல்லாத்தான் இருக்கா தம்பி?" என்றார் வண்டிக்காரர், ஹோஸ் விலையைக் கேட்டுவிட்டு. இவ்வளவு சின்ன தொகையில் முடிந்ததை அவரால் முழுசாக நம்ப முடியவில்லை போலிருந்தது.

"பம்ப் இருக்கட்டும்ணே. ரிட்டர்ன் இவ்வளவு வரக்கூடாது. நடவு முடிஞ்சதும் நாசிலைக் கழற்றிக் கொண்டு வாங்க" என்றேன்.

சொன்னபடி கொண்டுவந்தார். அழுத்தம் பார்க்கும் டெஸ்டரில் ஏற்றியபோது இரண்டாவது நாசில் 140 பாரிலேயே திறந்து, தூவாமல் ஒழுகியது. பின்பக்கக் கசிவும் அதில்தான் அதிகம். மூன்று நாசிலையும் சேர்த்து மாற்றினோம். பம்பை இன்றுவரைக்கும் கழற்றவில்லை.