மாக்கல்லில் சிந்து முத்திரை: மூன்று கல், ஒரு சூளை

சிந்துவெளி முத்திரை ஒன்றை மாக்கல்லில் நகலாக வெட்டிச் சுட்டுப் பார்த்த குறிப்பு இது. எடுத்துக்கொண்ட மாதிரி: ஒற்றைக்கொம்பு விலங்கு, அதன் முன்னால் ஒரு தண்டு, மேலே ஐந்து குறிகள். பொ.ஆ.மு. 2600–1900 காலத்தில் மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் அதிகம் புழங்கியது இந்த வகைதான். பக்கத்துக்கு 2.5 செ.மீ.; உள்ளங்கையில் வைத்தால் தொலைந்துபோகும் அளவு.

கல் 1 – வீண். உடைந்த கல்சட்டியின் அடிப்பகுதி அது. நகம் பட்டால் மாவு உதிர்ந்தது, ஆகவே மாக்கல்தான். ஆனால் சட்டிக்கல்லில் படலம் படலமாக வரி ஓடும். ரம்பத்தை வரிக்கு இணையாக இழுத்ததும் பிஸ்கட் போலப் பிளந்தது. கல்லை நனைத்துப் பார்த்தால் வரி தெரியும். வரியே தெரியாத துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். அறுப்பது, தேய்ப்பது எல்லாம் ஈரத்தில்தான், முகமூடியோடு. சில மாக்கல்லில் கல்நார் இழை கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கல் 2 – குமிழ் போனது. 28 × 28 × 18 மி.மீ. கட்டி. இதில் 8 மி.மீ. முத்திரைத் தகடு, மீதி முதுகுக் குமிழ், அதாவது பின்புறத்தில் கயிறு கோக்கும் புடைப்பு. நான்கு பக்கமும் ரம்பத்தால் படி வெட்டி, அரத்தால் உருட்டி, நடுவே ஒரு பள்ளக்கோடு இட வேண்டும். கயிறு கோக்கும் துளைக்கு துளைக்கருவியின் 3 மி.மீ. பிட்டை ஒரே பக்கத்திலிருந்து செலுத்தியதுதான் பிழை. மறுபக்கம் வெளிவரும்போது குமிழில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க விட வேண்டும். பழைய முத்திரைகளிலும் உடைந்த குமிழ்கள் நிறைய உண்டு. முத்திரையில் மிக நோஞ்சான் இடம் அதுதான்.

கல் 3 – தேறியது. உப்புத்தாள் 220, 400, 800 என்ற வரிசையில் முகத்தை நீரோடு தேய்த்து, அதன் பிறகு வரைவு.

பலர் சறுக்குவது இங்கேதான். நூல்களில் சில படங்கள் முத்திரை, சில படங்கள் அதைக் களிமண்ணில் அழுத்திய அச்சு. எது எதுவென்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். அச்சில் எழுத்து வலமிருந்து இடம்; ஆகவே கல்லில் இடமிருந்து வலமாக, கண்ணாடி பிம்பமாக வெட்ட வேண்டும். டிரேசிங் தாளில் அச்சை வரைந்து, திருப்பிப் போட்டுத் தேய்த்தால் போதும்.

விலங்கின் உடலை முதலில் 1 மி.மீ. குழித்து, விளிம்பைச் செங்குத்தாக வைத்து, உள்ளே வளைத்துச் சுரண்ட வேண்டும். குழிவாகத் தெரியும் வயிறு அச்சில் திரண்டு வரும். கருவி, தட்டிக் கூராக்கிய தடித்த செப்புக்கம்பி. இந்தக் கல்லுக்கு அது போதும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தீட்டினால் சரி.

ஐந்தாவது குறி, குடுவை வடிவில் உள்ள ‘குடுவைக் குறி’. சிந்து எழுத்தில் அதிகம் வருவதும், பெரும்பாலும் தொடரின் கடைசியில் நிற்பதும் அதுதான். அதற்கு இடம் போதவில்லை; நெருக்கித்தான் வெட்ட வேண்டியிருந்தது. மூல முத்திரைகள் சிலவற்றிலும் அச்சின் இடக்கோடியில் குறிகள் இப்படியே நெருங்கி நிற்கும். எழுத்தின் திசைக்கு ஆய்வாளர்கள் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

விலங்கின் முன்னுள்ள தண்டுக்கு விலங்கின் தலையைவிட அதிக நேரம் பிடித்தது. கீழே கிண்ணம், மேலே குறுக்குக்கோடுகள் நிரம்பிய உருளை, இரண்டையும் தாங்கும் கால். தூபக்கால் என்றார் மொகஞ்சதாரோ அகழாய்வை வழிநடத்திய தொல்லியலாளர் ஜான் மார்ஷல். சோமச்சாறு வடிகட்டியாக இருக்கலாம் என்றார் சிந்து எழுத்து ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன். எதுவானாலும் வெற்றிடம் நிரப்ப இட்ட அலங்காரம் என்று மட்டும் சொல்ல முடியாது. இரண்டு மி.மீ. இடத்தில் யாரும் சும்மா இவ்வளவு கோடு இழுக்கமாட்டார்கள்.

சுடுதல். சலவை சோடாவும் மாக்கல் மாவும் நீரில் குழைத்து மெல்லியதாக ஒரு பூச்சு. கெட்டியாகப் பூசினால் நுண்கோடுகள் அடைபடும். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, மூடியுள்ள மண் குடுவைக்குள் வைத்து மின்சூளையில் ஏற்றவேண்டும். மணிக்கு 100 டிகிரி வீதம் 950 செல்சியஸ் வரை, அங்கே இரண்டு மணி நேரம், பிறகு சூளை தானே ஆறட்டும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிக் கல்லை வெடிக்க வைக்கும். இந்தச் சூட்டில் கல்லின் கட்டமைப்பிலேயே இருக்கும் நீரும் வெளியேறி, கனிமம் மாறிவிடுகிறது. நகம் கீறிய கல்லில் இப்போது ஆணி வழுக்குகிறது. நிறம் மட்டும் மூலங்களின் வெண்மை இல்லை. கல்லில் இருந்த இரும்பால் ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கிறது.

அச்சுக்குக் களிமண் சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கம். முகத்தில் சலித்த சாம்பலைத் தட்டி அழுத்தினால் ஒட்டாமல் வரும். எண்ணெய் தடவினால் கோடுகள் மழுங்குகின்றன. மண்ணைக் கயிற்று முடிச்சின் மேல் அப்பிப் பதித்தால், பின்பக்கத்தில் கயிற்றுத் தடம் விழுகிறது. குஜராத்தில் உள்ள சிந்துவெளி ஊரான லோத்தலின் பண்டகசாலையில் கிடைத்த களிமண் முத்திரை அச்சுகளின் பின்புறமும் இப்படித்தான் இருக்கும்.

கல் 4 – இனி வெட்டப்போவது: பக்கத்துக்கு 36 மி.மீ., மொகஞ்சதாரோவின் ‘பசுபதி’ முத்திரை அளவு. அந்த முத்திரை 1928–29 அகழாய்வில் கிடைத்தது. யானை, புலி, காண்டாமிருகம், எருமை சூழ அமர்ந்த உருவத்தை மூன்று முகம் கொண்ட ஆதி சிவன் என்று 1931-இல் மார்ஷல் எழுதினார். பக்கவாட்டில் தெரிவது முகங்கள் அல்ல, எருமைக் காதுகள் என்போரும் உண்டு. வெட்டும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இப்போதைக்கு முகத்தை மட்டும் தனித் துண்டில் இரு விதமாகவும் வெட்டி, அச்சு எடுத்துப் பார்ப்பதாகத் திட்டம்.