பாட்ஸ்டோ: கடற்கன்னி வீசிய மணல்

முதலில் பஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. போட்மின் பார்க்வே ஸ்டேஷனில் இறங்கி, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள துறைமுக ஊரான பாட்ஸ்டோவுக்குப் போகும் பஸ்ஸுக்காக மழையில் ஒரு மணி நேரம் நின்றோம். வரவே இல்லை. கடைசியில் ஒரு டாக்ஸிக்காரர் 50 பவுண்டு கேட்டார். அநியாயம்! வேறு வழியில்லாமல் கொடுத்தோம். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் அதிலேயே போயிற்று. அப்புறம் மீன் ஓட்டல் எங்கே? துறைமுகத் திண்டில் உட்கார்ந்து சுடச்சுட பேஸ்டிதான், அதாவது உள்ளே கறி வைத்துச் சுட்ட கார்ன்வால் பலகாரம். மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, மிளகு காரம். அருமை!

பாட்ஸ்டோவுக்கு நிறைய பேர் சாப்பிடத்தான் வருகிறார்கள். நான் வந்தது எனிஸ் ட்ரெகார்தன் என்ற எழுத்தாளருக்காக. இயற்பெயர் நெல்லி ஸ்லாகெட், இதே ஊர்க்காரர். 17 வயதில் முதுகெலும்பு நோயால் முடங்கியவர், 1923இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். வட கார்ன்வால் தேவதைக் கதைகளை 1906இல் புத்தகமாக்கினார். நடமாட முடியாதவர் எழுதிய கதைகளில் இந்தக் கரையின் பாறையும் வளைவும் பேரோடு வருகின்றன. இரண்டு கடைகளில் அவர் புத்தகம் கேட்டேன், இல்லை என்றார்கள். மனசு கஷ்டமாகிவிட்டது.

டூம் பார் என்ற மணல்திட்டைப் பற்றி அவர் எழுதிய கதைக்காகவே ஹாக்கர்ஸ் கோவ் என்ற சின்னக் கடல் வளைவு வரை நடந்தோம். டிரிஸ்ட்ராம் பேர்ட் என்பவன் புதுத் துப்பாக்கியோடு இங்கே வருகிறான். பாறைமேல் தலை வாரிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. கல்யாணம் செய்துகொள் என்கிறான், மறுக்கிறாள், சுட்டுவிடுகிறான். அவள் கடற்கன்னி. சாகும்போது ஒரு பிடி மணலை வீசி, துறைமுகத்தைச் சபிக்கிறாள். அந்த மணல்திட்டு கேமல் ஆற்று முகத்தில் இன்றும் இருக்கிறது. 600க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதில் சிக்கிச் சேதமாகியிருக்கின்றன. நாங்கள் போனபோது நீர் வற்றியிருந்தது. நடுவே வெளிர் மஞ்சளாக மணல் நீண்டு கிடக்க, விளிம்பில் மட்டும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. சுட்டவனை விட்டுவிட்டு ஊரே அனுபவிப்பதா என்று அங்கே நின்று ஆத்திரப்பட்டேன்.

இங்கே வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் முக்கியம்: எதிர்க்கரையில் உள்ள ராக் என்ற ஊருக்குப் போகும் படகு, நீர் வற்றினால் துறைமுகத்துக்கு வராது. கரையோரம் கொஞ்ச தூரம் நடந்துபோய்த்தான் ஏறவேண்டும்.

திரும்பும்போது மூடுபனி. ஒரே வயல் வாசலுக்கு இரண்டு முறை வந்துவிட்டோம். பிஸ்கிகள், அதாவது இங்கத்துக் குட்டி தேவதைகள், இப்படித்தான் வழியை மறைக்குமாம். சட்டையைப் புரட்டிப் போட்டால் விட்டுவிடுமாம். சரி என்று ஜாக்கெட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டேன். அடுத்த வேலி தாண்டியதும் கீழே துறைமுக விளக்குகள்.